லோகோ வருகிறதா, எப்படி வருகிறது? ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்தின் கோளாறைத் திரையிலேயே கண்டுபிடிப்பது

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் கன்சோலில் டிஸ்க்கிலிருந்து கேம் ஓட்டும் துணைக்கருவியான ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் கைக்கு வந்து, ஆன் செய்து, கேம் ஓடவில்லை என்றால் எல்லாரும் முதலில் தேடுவது ஸ்க்ரூடிரைவரைத்தான். "பெல்ட் போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்ற முடிவோடு டிரைவைக் கழற்றிவிடுகிறார்கள். பல சமயம் பெல்ட்தான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் நல்ல பெல்ட்டோடு இருந்த டிரைவைக் கழற்றி, டிஸ்க்கைச் சுழற்றும் ஹப்பை அசைத்து, இல்லாத கோளாறை உண்டாக்கிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் தடவை அப்படிச் செய்தவன் நான்தான். ஆன் செய்ததும் வரும் நிண்டெண்டோ லோகோவையும் அதைத் தொடர்ந்து வருபவற்றையும் பொறுமையாகப் பார்த்தால் பழுது எந்தப் பெட்டியில் என்று திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

பார்க்கத் தெரிய வேண்டுமென்றால் லோகோ எங்கே குடியிருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த சிஸ்டத்தை நிண்டெண்டோ 1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் 15,000 யென்னுக்கு வெளியிட்டது. ஜப்பானுக்கு வெளியே அது விற்பனைக்கு வரவே இல்லை. 1983இல் வந்த ஃபேமிகாமோடு சேர்வது இரண்டு பாகங்கள். ஒன்று, சிவப்பு நிற டிஸ்க் டிரைவ். இன்னொன்று, கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் உட்காரும் கறுப்பு ரேம் அடாப்டர். இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது. லோகோ, அதன் இசை, பிழைச் செய்திகள் எல்லாமே ரேம் அடாப்டருக்குள் இருக்கும் 8 கிலோபைட் ரோமில், அதாவது அழியாத நினைவகச் சிப்பில் இருக்கின்றன. லோகோ வருவதற்கு டிரைவுக்கு எந்த வேலையும் இல்லை. இதை மனதில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்குவதற்கு முன் மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230. பெட்டியோடு வரும் ஜப்பானிய அடாப்டரை நம் பிளக்கில் நேராகச் செருகினால் அதன் ஆயுள் அதோடு முடிந்தது. கன்சோலையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுங்கள். டிரைவுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: அதற்குள் ஆறு சி சைஸ் பேட்டரி போடலாம், மொத்தம் 9 வோல்ட். சோதனைக்குப் புது பேட்டரிதான் நல்லது, ஏனென்றால் அப்போது அடாப்டர் மேல் சந்தேகமே வராது. வேறு அடாப்டர் போடுவதாக இருந்தால் பின்னின் நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தோடு ஒப்பிட்ட பிறகு போடுங்கள்.

இப்போது டிஸ்க் எதுவும் செருகாமல் ஃபேமிகாமை ஆன் செய்யுங்கள். நல்ல நிலையில் இருக்கும் சிஸ்டம் இசையோடு நிண்டெண்டோ பெயரைக் காட்டி, டிஸ்க் கார்டைச் செருகச் சொல்லும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் மாரியோவும் லூயிஜியும் வந்து ஒருவரையொருவர் துரத்துவார்கள், விளக்கு சுவிட்சைத் தட்டித் திரையின் நிறத்தை மாற்றுவார்கள். டிஸ்க்கை உடனே செருகிவிடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. இரண்டு நிமிடமாவது ஓட விடுங்கள். நின்றுபோகாமல் ஓடினால் ஃபேமிகாமின் பிராசஸரும் அடாப்டரின் ரோமும் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசுகின்றன என்று அர்த்தம். இந்த இசை எனக்கு மிகவும் பிடித்தது. நிண்டெண்டோவின் பிந்தைய கன்சோலான கேம்க்யூபின் மெனுவில் மெல்ல இழையும் அந்த ஓசை, இதே இசையை மிக மிக மெதுவாக ஓட்டியது.

லோகோவே வரவில்லை, திரை சாம்பல் நிறம் அல்லது கறுப்பு

டிரைவைத் தொடாதீர்கள். முதலில் அடாப்டரை எடுத்துவிட்டுச் சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் பழுது ஃபேமிகாமில், அல்லது டிவி இணைப்பில். பழைய ஃபேமிகாம் ஜப்பானின் ஒன்றாம், இரண்டாம் சேனல்களில் ஆர்எஃப் சிக்னலாக, அதாவது ஆன்டெனா வழியே வரும் டிவி சேனல் போலப் படத்தை அனுப்புவது. நம் டிவிகளின் வழக்கமான விஎச்எஃப் சேனல்களில் அந்த அலைவரிசை இல்லை. ஏவி மாற்றம் (படத்தையும் ஒலியையும் சேனல் இல்லாமல் வயரில் நேராக அனுப்பும் மாற்றம்) செய்த ஃபேமிகாமோ, 1993இல் வந்த ஏவி ஃபேமிகாமோ இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

கார்ட்ரிட்ஜ் ஓடுகிறது, அடாப்டர் போட்டால் மட்டும் ஒன்றுமில்லை என்றால் அடாப்டரின் கான்டாக்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் (மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும்) பட்ஸை நனைத்து இரண்டு பக்கமும் துடையுங்கள். பட்ஸில் கறுப்பு ஏறாமல் வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் செம்பை அரிக்கும். அடாப்டரைச் செருகும்போது ஒரு பக்கம் தூக்கி நிற்காமல் சமமாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிரைவிலிருந்து வரும் கேபிள் இழுத்துக்கொண்டு அடாப்டரைச் சாய்ப்பது சகஜம்.

லோகோ வருகிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது

எழுத்துகள் துண்டு துண்டாக, கட்டம் கட்டமாக, அல்லது கோடு விழுந்து தெரிகின்றன. பயப்பட வேண்டாம், இது உண்மையில் நல்ல சகுனம். பிராசஸர் ஓடுகிறது, ரோம் படிக்கப்படுகிறது. ரோமில் இருக்கும் எழுத்து வடிவங்களை அடாப்டர் தனக்குள் இருக்கும் 8 கிலோபைட் கேரக்டர் ரேமுக்குள் எழுதிக்கொண்டு, அங்கிருந்து ஃபேமிகாமின் படச் சிப்புக்குக் கொடுக்கிறது. வழி தவறுவது அந்த இடத்தில்தான்.

நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துப் பாருங்கள். நிறப்பட்டியல் ஃபேமிகாமின் படச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. எனவே நிறங்கள் சரியாக இருந்து வடிவங்கள் மட்டும் கெட்டிருந்தால், அந்தச் சிப்பை அடாப்டரோடு சேர்க்கும் கான்டாக்ட்டுகள் மேல் சந்தேகம் போக வேண்டும். 60 பின்கள் கொண்ட இந்த இணைப்பில் படச் சிப்பின் பின்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே பாதியில் இருக்கின்றன: ஒரு வரிசையில் 17 முதல் 29 வரை, மறு வரிசையில் 47 முதல் 60 வரை. அந்தப் பாதியை மட்டும் இன்னொரு முறை அக்கறையாகத் துடைத்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். துடைத்தும், வேறு ஃபேமிகாமில் போட்டும், அதே எழுத்தில் அதே கோடு விழுந்தால் ரேம் சிப் போயிருக்கிறது. அதை மாற்ற சால்டரிங்கில் கை பழகியிருக்க வேண்டும்.

லோகோ பளிச்சென்று வருகிறது, இசை இல்லை

இதற்குக் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. ஃபேமிகாமின் ஒலி நேராக டிவிக்குப் போவதில்லை. 45ஆம் பின் வழியாகக் கார்ட்ரிட்ஜுக்குள் போய், 46ஆம் பின் வழியாகத் திரும்பி வந்து, அதன் பிறகுதான் வெளியே போகிறது. சாதாரண கார்ட்ரிட்ஜ்களில் இந்த இரண்டு பின்களும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ரேம் அடாப்டரோ இந்த இடத்தில் தன் சொந்த ஒலிச் சேனலையும் கலந்து அனுப்புகிறது. டிஸ்க் கேம்களின் ஒலிக்கு அந்தத் தனிக் குரல் கிடைப்பது இப்படித்தான். ஆகவே 45, 46 இரண்டில் ஒன்று அழுக்காக இருந்தாலும் படம் குறையில்லாமல் இருக்கும், ஒலி மட்டும் மௌனம்.

கார்ட்ரிட்ஜ் போட்டாலும் ஒலி இல்லையா? அப்போது டிவியையும் சந்தேகப்படுங்கள். ஆர்எஃப் இணைப்பில் ஜப்பானிய முறைப்படி ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். நம் பழைய பால் (PAL) முறை டிவிகள் 5.5இல் தேடும். எப்படியோ சேனலைப் பிடித்துப் படத்தை வரவழைத்துவிட்டாலும் ஒலி வராமல் போவது இதனால்தான்.

'நிண்டெண்டோ' என்று வர வேண்டிய இடத்தில் 'ஃபேமிகாம்' என்று வருகிறது

பழுது இல்லை. உங்களிடம் இருப்பது ஷார்ப் நிறுவனம் 1986 ஜூலையில் வெளியிட்ட ட்வின் ஃபேமிகாம், அதாவது கன்சோலும் டிரைவும் ஒரே உடம்பில் இருப்பது. அதன் ரோமில் பெயரே அப்படித்தான். ட்வின்னில் லோகோவே வரவில்லை என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் கார்ட்ரிட்ஜா டிஸ்க்கா என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் டிஸ்க் பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

லோகோவும் இசையும் சரி. டிஸ்க் போட்டதும் எரர் எண்

இங்கிருந்துதான் டிரைவின் கதை. திரையில் வரும் இரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏதோ எரர் வந்தது' என்றால் யாராலும் உதவ முடியாது.

சின்ன எண்கள் எளியவை. 01 என்றால் டிஸ்க் சரியாக உட்காரவில்லை. எடுத்துவிட்டு, 'டக்' என்று விழும்வரை மறுபடி தள்ளுங்கள். 02 பேட்டரி, அதாவது டிரைவுக்கு மின்சாரம் போதவில்லை. பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்து, பிறகு ஐபிஏ, பிறகு நன்றாகக் காய விடுங்கள். 03 என்றால் டிஸ்க்கின் காது உடைந்திருக்கிறது, அதனால் அதில் எழுத முடியாது. 07 என்றால் ஏ பக்கம் கேட்டதற்கு பி பக்கம் போட்டிருக்கிறீர்கள்.

20க்கு மேல் வருபவைதான் சிஸ்டம் 'டிஸ்க் ட்ரபிள்' என்று அழைக்கும் கூட்டம். இவற்றைப் புரிந்துகொள்ள, டிஸ்க் செருகிய பின் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

மஞ்சள் டிஸ்க் கார்டுக்குள் இருப்பது மிட்சுமி நிறுவனத்தின் குவிக் டிஸ்க் வகை. கணினி ஃப்ளாப்பி போல வட்ட வட்டமாகத் தடங்கள் கிடையாது. பழைய இசைத்தட்டு போல ஒரே சுருள் தடம். ஹெட் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே ஓட்டமாக ஓடி, 'க்ளிக்' என்று தொடக்கத்துக்குத் திரும்பும். நடுவில் ஒரு இடத்துக்குத் தாவ முடியாது. முதலில் ஒரு வெற்று இடைவெளி, பிறகு தலைப்புப் பகுதி. அதில் '*நிண்டெண்டோ-எச்விசி*' என்ற சொல் ஆங்கில எழுத்தில், நட்சத்திரக் குறிகளோடு சேர்த்து 14 எழுத்தாக இருக்க வேண்டும். இல்லை என்றால் எரர் 21. தலைப்புப் பகுதியே பிடிபடவில்லை என்றால் 22. அடுத்து எத்தனை கோப்புகள் என்ற பகுதி, அது பிடிபடாவிட்டால் 23. ஒவ்வொரு கோப்பின் தலைப்புக்கு 24, உள்ளடக்கத்துக்கு 25. ஒரு பகுதியைப் படித்து முடித்த பின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் 27. கோப்பு பாதியில் அறுந்தால் 28.

எண்ணைப் பார்த்ததும் எங்கே தடுக்கியது என்று தெரிந்துவிடுகிறது, இல்லையா? 21, 22 என்றால் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. ஹெட் தொடங்கும் இடமோ, டிஸ்க் சுழலும் நிலையோ தவறியிருக்கிறது, அல்லது டிஸ்க் சுழலவே இல்லை. 24, 25, 27 என்றால் தொடக்கம் சரி, வழியில்தான் தடுக்கியது: அழுக்கான ஹெட், கறை பிடித்த டிஸ்க், அல்லது மோட்டாரின் வேகம். நான்கைந்து டிஸ்க்குகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி விழுந்தால் பழி டிரைவுக்கு. ஒன்று மட்டும் விழுந்தால் பழி அந்த டிஸ்க்குக்கு.

காதையும் பயன்படுத்துங்கள். டிஸ்க் போட்டதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று ஓடி, சில விநாடிகளுக்கு ஒருமுறை ஹெட் திரும்பும் 'க்ளிக்' கேட்க வேண்டும். மோட்டார் மட்டும் ஓடி க்ளிக் கேட்கவே இல்லை என்றால் இப்போது ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம். பெல்ட்தான்.

முதன்முதலில் டிரைவைத் திறந்தபோது பெல்ட்டைத் தேடி நான் கண்டது கறுப்புத் தார். நாளாக ஆக ரப்பர் இளகி, கப்பியின் விளிம்பில் வழிந்து, கொஞ்சம் மோட்டாரின் அச்சுவரை போயிருந்தது. விரலில் பட்டால் சோப்புக்குப் போகாது, தொட்ட இடமெல்லாம் ரேகையாக ஒட்டும். மரக்குச்சியால் பெரிய துண்டுகளைச் சுரண்டி எடுத்து, மீதியை ஐபிஏவால் கரையுங்கள். ஒரு பொட்டு மிஞ்சினாலும் புதுப் பெல்ட் அதில் ஏறி இறங்கும், சுழற்சி தள்ளாடும், பிறகு 27, 25 என்று மாறி மாறி வரும். பெல்ட் மாற்றிய பின் வரும் விதவிதமான எரர்களுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த மிச்சத் தார்தான் என்பது என் அனுபவம்.

ஹப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கின் நடு ஓட்டையில் மாட்டிச் சுழற்றும் ஹப்பை ஒரு சிறு திருகு அச்சோடு பிடித்திருக்கிறது. ஒற்றைச் சுருள் தடம் என்பதால் டிஸ்க்கின் கோணமும் ஹெட் புறப்படும் இடமும் எப்போதும் ஒரே உறவில் இருக்க வேண்டும். அந்த உறவைக் காப்பது இந்தத் திருகுதான். அதைத் தளர்த்த வேண்டி வந்தால் ஹப்பிலும் அச்சிலும் மெல்லிய பேனாவால் ஒரே கோடு போட்டுவிட்டு, ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தார் துடைத்து, ஹெட் துடைத்து, நல்ல டிஸ்க்கும் போட்டு, பிறகும் 21, 22 விடாமல் வந்தால் மட்டுமே அதைத் தொடுங்கள். தலைமுடி அளவுக்குத் திருப்பி, இறுக்கி, போட்டுப் பார்த்து, மறுபடி. ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் திருகு இன்னும் கடைசி. கருவியில்லாமல் அதைத் திருப்பாதீர்கள்.

டிஸ்க்குகளில் மஞ்சள் நிறத்தவைக்கு உலோக மூடி கிடையாது, காந்தத் தட்டு வெறுமனே தெரியும். வெள்ளைப் பூசணம் பூத்த டிஸ்க்கை டிரைவில் போடவே கூடாது. அந்தப் பூசணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் உரசிக் கெடுக்கும்.

எரர் 20: உரிமச் செய்தி வந்து, பிறகு நிற்கிறது

எனக்கு மிகவும் பிடித்த எண் இது. டிஸ்க்கின் முதல் கோப்பின் பெயர் 'க்யோடாகு', ஜப்பானிய மொழியில் அனுமதி. அதில் 224 பைட்டுகள். 'இந்தப் பொருள் நிண்டெண்டோவால், அல்லது அதன் உரிமம் பெற்ற நிறுவனத்தால் தயாரித்து விற்கப்படுகிறது' என்ற ஆங்கில அறிவிப்பு அது. படித்ததும் அது திரை நினைவகத்துக்குள் போகிறது, நம் கண்ணுக்கும் தெரிகிறது. பிறகு ரோம் அந்த நினைவகத்தைத் திரும்பப் படித்து, தன்னிடம் உள்ள பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஒன்று மாறினாலும் எரர் 20. கார்டின் அடியில் குழிவாக வார்த்திருக்கும் நிண்டெண்டோ பெயர் முதல் பூட்டு, தலைப்பில் உள்ள 14 எழுத்து இரண்டாவது, இது மூன்றாவது. மூன்று பூட்டுக்கும் சாவி அந்தப் பெயரேதான். இதே எண்ணம் 1989இல் கேம் பாய்க்கும் போனது. மேலிருந்து இறங்கி வரும் அதன் லோகோவின் 48 பைட்டுகளும் கார்ட்ரிட்ஜிலிருந்து படித்து ஒப்பிடப்படுபவை.

இதிலிருந்து கிடைக்கும் பயன் பெரிது. கோப்பு தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் 27 வந்திருக்கும். 20 வருகிறது என்றால் டிரைவ் ஒழுங்காகப் படித்துவிட்டது. பெல்ட்டையும் ஹப்பையும் விட்டுவிடுங்கள். டிஸ்க் பிறர் மாற்றி எழுதியதாக இருக்கலாம். 500 யென் கொடுத்தால் கடைகளிலிருந்த இயந்திரத்தில் வேறு கேம் எழுதித் தந்த காலம் அது, கள்ள வழியில் எழுதியவர்களும் உண்டு. அசல் என்று உறுதியாகத் தெரிந்த டிஸ்க்குக்கும் 20 வந்தால், திரையில் அறிவிப்பின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். எங்காவது ஒரு எழுத்து மாறியிருந்தால், படித்தது சரி, திரை நினைவகத்தில் வைத்துத் திரும்ப எடுத்த வழிதான் தவறு. சிதறிய லோகோவுக்குச் சொன்ன அதே பாதிக் கான்டாக்ட்டுகளுக்குத் திரும்பிப் போங்கள், முக்கியமாக 18, 48 ஆகிய பின்களுக்கு. ஃபேமிகாமின் திரை நினைவகத்தை அடாப்டர் கட்டுப்படுத்துவது அவற்றின் வழியாகத்தான்.

எமுலேட்டரில் லோகோ வரவில்லை

கன்சோலைப் போலவே கணினியில் கேமை ஓட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடாப்டரின் ரோம் கோப்பு சரியாக 8,192 பைட்டுகள் இருக்க வேண்டும். எஃப்சிஇயுஎக்ஸ் (FCEUX) என்ற எமுலேட்டர் அதை 'டிஸ்க்சிஸ்' (disksys.rom) என்ற பெயரில் தேடும். லோகோ வந்து டிஸ்க் மட்டும் எரர் கொடுத்தால் டிஸ்க் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 65,500 பைட்டுகள், முன்னால் 16 பைட் தலைப்பு இருக்கலாம். இரண்டு பக்கக் கேம் என்றால் 1,31,000 அல்லது 1,31,016. வேறு எண் வந்தால் கோப்பு அறுந்தது, அல்லது வேறு வடிவம். 07 வந்தால் மெனுவில் டிஸ்க்கின் பக்கத்தைத் திருப்ப மறந்திருக்கிறீர்கள்.

எல்லாம் முடிந்து கேம் ஓடத் தொடங்கியதும் டிரைவின் சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் கன்சோலை அணைத்துவிடாதீர்கள், டிஸ்க்கை வெளியே எடுக்கவும் எடுக்காதீர்கள். சேமிக்கும் நேரத்தில் அப்படிச் செய்தால் அடுத்த முறை அதே டிஸ்க்குக்கு 27 வரும், அதற்கு எந்தத் திருகும் மருந்தில்லை.